அரட்டைக்கு மாறலாமா அண்ணாச்சி? – வாசகர் கேள்வி பதில்

சமூக வலைதளக் கம்பெனிகள் ஒன்றோடொன்று எப்படிப் போட்டி போடுகின்றன, அதில் நம் பக்கத்துக் கடைக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுத்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்தி, பிறகு அதே கடையில் ரீசார்ஜும் பிரிண்ட் அவுட்டும் பார்த்து, இப்போது கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். இந்தச் சண்டையை வாடிக்கையாளர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, எங்களுக்கு அப்பளத் தொழில். மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கிற ஜோஹோவின் அரட்டை செயலிக்கு மாறுவோம் என்று மகன் சொன்னான், மாறினோம். முதல் வாரம் ஒரே வணக்கமும் வாழ்த்தும். இப்போது அதில் ஈ ஆடவில்லை. செயலி நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இப்படி? வாட்ஸ்அப்பை விட்டுவிடலாமா?
– அப்பள வியாபாரி, கல்லிடைக்குறிச்சி

வாட்ஸ்அப்பை விட வேண்டாம். அரட்டையையும் அழிக்க வேண்டாம். போனில் கொஞ்சம் இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அரட்டை 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் கடைசியில்தான் ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசியது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது 3,50,000 ஆகிவிட்டது என்று ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அப்போது சொன்னார். அழைப்புகளுக்கு இருந்த மறையாக்கம் (நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாத பூட்டு) எழுத்துச் செய்திகளுக்கு இல்லையே என்று அந்தச் சமயம் பலர் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். ஆனால் உங்கள் ஆட்கள் திரும்பிப் போனது அதற்காக இருக்காது.

மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்கு ஏன் இத்தனை ஊரிலிருந்து ஆடு வருகிறது? வாங்குகிறவர்கள் அங்கே வருகிறார்கள். வாங்குகிறவர்கள் ஏன் வருகிறார்கள்? ஆடு அங்கே வருகிறது. பக்கத்திலேயே நல்ல நிழலும் தண்ணீர்த் தொட்டியுமாக இன்னொரு இடத்தைத் திறந்து வைத்தாலும், முதல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் அங்கே தனியாக நிற்க யாருக்கும் மனசு வராது. காமர்ஸ் படிக்கும் பிள்ளைகள் இதை நெட்வொர்க் எஃபெக்ட் என்பார்கள். சமூக வலைதளப் போட்டியில் முக்கால்வாசி இதுதான். செயலியின் அழகும் வேகமும் இதற்கு அப்புறம்தான் வரும்.

அப்படியானால் வாட்ஸ்அப் மட்டும் எப்படி உள்ளே வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு முன்னால் எஸ்எம்எஸ் இருந்ததே. எங்கள் கடையில் ரீசார்ஜ் போட்ட காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாதம் முழுக்க எஸ்எம்எஸ் பேக் வேலை செய்யும். தீபாவளி, புத்தாண்டு மாதிரி நாள் வந்தால் செல்லாது. வாழ்த்து அனுப்புகிற அன்றைக்குத்தான் ஒவ்வொரு செய்திக்கும் தனிக் காசு. காலையில் வாழ்த்து அனுப்பிவிட்டு மத்தியானம் பேலன்ஸ் காலியாகி, கல்லாவுக்கு முன்னால் வந்து சண்டை பிடித்தவர்கள் உண்டு. போதாக்குறைக்கு 2011 செப்டம்பரில், விளம்பரத் தொல்லையைத் தடுக்க என்று, ஒரு சிம்மிலிருந்து நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு போட்டது. கொஞ்ச நாளில் 200 ஆக்கினார்கள். அந்த எரிச்சலில்தான் வாட்ஸ்அப் நுழைந்தது. புதிதாகப் பெயர் வைக்க வேண்டாம், நண்பர்களைத் தேட வேண்டாம். உங்கள் போனில் ஏற்கெனவே சேமித்து வைத்த எண்களை அது அப்படியே எடுத்துக்கொண்டது. நோக்கியாவின் மலிவான பட்டன் போனிலும் ஓடியது. 2018ல் ஜியோபோனிலும் வந்துவிட்டது.

ஆக, இருக்கிறவனிடம் மக்களுக்கு ஒரு வலி இருக்க வேண்டும், வருகிறவனிடம் அதற்கு மருந்து இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இன்றைக்கு அப்படிப்பட்ட வலி பொதுமக்களுக்கு இல்லை. ஆபீஸ்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது. வேலைச் செய்தியும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே இடத்தில் வந்து விழுவது அவர்களுக்குத் தொல்லை. ஜோஹோ பல வருடமாக ஆபீஸ்களுக்குத்தான் மென்பொருள் விற்கிறது, அதனால் அந்த வழியாக வந்தால் காலூன்ற முடியும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் போகாமல், வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்க்க வழி செய்த கம்பெனி அது. ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: தனியாளாக மாறாதீர்கள், ஒரு குழுவை அப்படியே மாற்றுங்கள். உங்களுக்கு அப்பளம் இட்டுத் தருகிற பெண்கள், மாவு கொண்டுவரும் ஆட்டோக்காரர், பார்சல் சர்வீஸ்காரர், எல்லோருக்கும் ஒரே குழு. அந்தக் குழுவுக்குள் பேச வேண்டிய ஆள் எல்லாம் உள்ளேயே இருப்பதால் ஒருவரும் வெளியே போக மாட்டார். வாங்குகிற கடைகளோடு வாட்ஸ்அப்பிலேயே பேசுங்கள்.

ஆர்குட் எவ்வளவு நன்றாக இருந்தது! அதை ஏன் கூகுள் சாகவிட்டது?
– வாசகர், பேட்டை

கூகுள் சாகவிடவில்லை, காப்பாற்றத் தெரியாமல் விட்டது என்பேன்.

2004 ஜனவரியில் ஆர்குட், பிப்ரவரியில் ஃபேஸ்புக். இரண்டு வாரம்கூட இடைவெளி இல்லை. ஃபேஸ்புக் முதலில் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் திறந்திருந்தது. 2006 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் கதவைத் திறந்தார்கள். அதற்குள் இந்தியாவிலும் பிரேசிலிலும் ஆர்குட் ஊன்றி நின்றது. எங்கள் சென்டரில் கேபினுக்குக் கேபின் அதுதான். நண்பன் பக்கத்தில் ஸ்க்ராப் என்று குட்டிச் செய்தி எழுதுவதும், தன்னைப் பாராட்டி டெஸ்டிமோனியல் எழுதித் தரச் சொல்லி நச்சரிப்பதுமாகப் பையன்கள் கிடப்பார்கள்.

வித்தியாசத்தைத் திரையில் பார்த்தேன். ஆர்குட்டில் ஒவ்வொரு நண்பனின் பக்கத்துக்கும் நாமே போய்ப் பார்க்க வேண்டும். நாலு பேரின் பக்கத்தைப் பார்த்ததும் வேலை முடிந்துவிடும், பையன் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். ஃபேஸ்புக்கில் நியூஸ் ஃபீட் வந்தது. எல்லோருடைய செய்தியும் ஒரே வரிசையில் தானாக வந்து கொட்டும், முடிவே கிடையாது. 2006ல் அது வந்தபோது அமெரிக்க மாணவர்களே கடுமையாக எதிர்த்தார்கள், அந்தரங்கம் போகிறது என்று. ஆனால் யாரும் வெளியேறவில்லை. 2009ல் ஃபார்ம்வில் விளையாட்டு வந்த பிறகு, டியூஷனுக்குப் போகுமுன் ஓடிவந்து, "அண்ணாச்சி, பத்து நிமிஷம், பயிர் கருகிரும்" என்று சிஸ்டம் கேட்பார்கள். போட்ட பயிரை நேரத்துக்கு அறுக்காவிட்டால் அதில் வாடிப்போகும். ஆளை மறுபடி வரவழைக்க அப்படி ஓர் ஏற்பாடு. 2010ல் இந்தியாவில் ஃபேஸ்புக் ஆர்குட்டை முந்திவிட்டது.

அந்த 2010 நவம்பரில் ஒரு சண்டை நடந்தது. பெரிய விஷயம் அது, அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஃபேஸ்புக்கில் புதிதாகச் சேர்கிறவர் தன் ஜிமெயில் முகவரிப் பட்டியலை ஒரு பொத்தானில் உள்ளே கொண்டுவந்து நண்பர்களைப் பிடித்துவிடலாம். கூகுள் அதை நிறுத்தியது. நீ உன் பட்டியலை எனக்குத் தருவதில்லை, நான் மட்டும் ஏன் தர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஃபேஸ்புக் உடனே சுற்றுவழி கண்டுபிடித்தது: பட்டியலை நீங்களே ஜிமெயிலிலிருந்து இறக்கி எங்களிடம் ஏற்றுங்கள் என்று. யாருக்கு யாரைத் தெரியும் என்ற அந்தப் பட்டியல்தான் இந்தத் தொழிலின் மூலதனம் என்பதை இரண்டு பேரும் அன்றைக்கே அறிந்திருந்தார்கள்.

2011ல் கூகுள் ப்ளஸ் வந்தது. பணம், ஆள், ஜிமெயில், யூடியூப் எல்லாம் கையில் இருந்தும் ஓடவில்லை. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடினார்கள். ஆர்குட் அதற்கு முன்பே, 2014 செப்டம்பர் 30ல் போய்விட்டது.

ஃபேஸ்புக் எதற்காக வாட்ஸ்அப்புக்கு அவ்வளவு விலை கொடுத்தது? செமினாருக்கு வேண்டும், கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி.
– பி.காம். மாணவர், தென்காசி

விரிவாகவே சொல்கிறேன் தம்பி, இந்தக் கதை முழுசாகத் தெரிய வேண்டியது உங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

2014 பிப்ரவரியில் 1,900 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். வாட்ஸ்அப்பில் அப்போது வேலை பார்த்தவர்கள் சுமார் 55 பேர். மாதம் 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். விளம்பரம் கிடையாது, வருடத்துக்கு ஒரு டாலர் சந்தா, அதுவும் பல பேர் கட்டியதே இல்லை. வருமானத்தைப் பார்த்தால் அந்த விலைக்கு அர்த்தமே இல்லை. ஆனால் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் பேசிக்கொள்வது அங்கே போய்க்கொண்டிருந்தது. இன்னும் சில வருடம் விட்டால் அதுவே இன்னொரு ஃபேஸ்புக்காக வளர்ந்துவிடலாம். அதற்குக் கொடுத்த விலை அது.

போட்டி போடுவதைவிட வாங்கிவிடுவது மேல் என்று 2008லேயே ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் ஜக்கர்பெர்க் ஒரு மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். பின்னால் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி போட்ட வழக்கில் அது வெளியே வந்தது. 2012ல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்குப் பேசி முடித்தார்கள். அந்தக் கம்பெனியில் அப்போது 13 பேர்தான்.

யாரை வாங்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒனாவோ என்று ஓர் இஸ்ரேல் கம்பெனி. டேட்டா மிச்சமாகும், போன் பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்லிச் செயலி கொடுத்தது. மக்கள் நம்பிப் போட்டார்கள். 2013ல் ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. அந்தச் செயலி வழியாக, யார் போனில் எந்தச் செயலி எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை இந்தக் கணக்கில் பார்த்தார்கள் என்று 2018 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்கள் காட்டுகின்றன. பாதுகாப்பு என்று நம்பிப் போட்ட செயலியை வைத்தே, அடுத்து எந்தக் கடையை மடக்குவது என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழிகள். ட்விட்டரின் வைன் என்ற குட்டி வீடியோ செயலி 2013 ஜனவரியில் வந்தது. அதில் ஃபேஸ்புக் நண்பர்களைத் தேடிச் சேர்க்கும் வசதியை ஃபேஸ்புக் அன்றைக்கே நிறுத்தியது, ஜக்கர்பெர்க் ஒற்றை வரியில் சம்மதம் சொன்னார். இதுவும் அதே ஆவணங்களில் இருக்கிறது. முகவரிப் பட்டியலுக்காக கூகுளோடு சண்டை போட்டவர்கள், பட்டியல் தங்களிடம் சேர்ந்ததும் கதவை அடைத்தார்கள்.

ஸ்நாப்சாட் 2013ல் 300 கோடி டாலரை வேண்டாம் என்றது என்று அப்போதே செய்தி வந்தது. 24 மணி நேரத்தில் மறைகிற ஸ்டோரீஸ் அவர்களுடைய கண்டுபிடிப்பு. 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் அதே பெயரில் அதையே கொண்டுவந்தது, பெருமை ஸ்நாப்சாட்டுக்குத்தான் என்று இன்ஸ்டாகிராமின் கெவின் சிஸ்ட்ராம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப்புக்கும் வந்தது. உங்கள் சித்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோயில் கொடைப் படம் போடுகிறார் என்றால் அதன் மூலம் ஸ்நாப்சாட். சித்திக்கு ஸ்நாப்சாட் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை, அவருடைய ஆட்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள்.

எஃப்டிசி 2020 டிசம்பரில் வழக்குப் போட்டது, இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் பிரிக்க வேண்டும் என்று. 2025 நவம்பர் 18ல் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் கம்பெனியின் இப்போதைய பெயர்) சாதகமாகத் தீர்ப்பளித்தார். டிக்டாக்கும் யூடியூபும் இவ்வளவு நெருக்கும்போது, இன்றைக்கு மெட்டாவின் கையில் ஏகபோகம் இருப்பதாக எஃப்டிசி நிரூபிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இன்றைய நிலவரத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டு கம்பெனியையும் வாங்கியபோது அதே எஃப்டிசி பரிசீலித்துவிட்டு விட்டுவிட்டதே! தடுக்க வேண்டிய நாள் அதுதான். செமினாரில் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

நம் நாட்டுப் பக்கமும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2021ல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கோடு தகவல் பகிரும் புதுக் கொள்கைக்குச் சம்மதித்தால்தான் தொடரலாம் என்று சொன்னதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எல்லாம் இலவசம் என்றால் இவர்களுக்குக் காசு எங்கிருந்து?
– ஓய்வு பெற்ற தபால்காரர், அம்பாசமுத்திரம்

விளம்பரம் ஐயா. 2024ல் மெட்டாவின் வருமானம் சுமார் 16,450 கோடி டாலர், அதில் 98 சதவீதத்துக்குக் கிட்ட விளம்பரம். 2021ல் ஆப்பிள், ஐபோனில் செயலிகள் ஆளைப் பின்தொடர வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்விப் பெட்டியை வைத்தது. அடுத்த வருடம் அதனால் 1,000 கோடி டாலர் வரை போகும் என்று மெட்டாவே சொன்னது. போன் மெட்டாவுடையது இல்லை, ஆப்பிளுடையது என்பதால் வந்த கஷ்டம் அது.

டிக்டாக்கில் எனக்கு நல்ல கூட்டம் இருந்தது அண்ணே. பீடி சுற்றிக்கொண்டே பாடுவேன். தடை வந்த பிறகு வேறு இடங்களில் போட்டுப் பார்த்தேன், அந்த மாதிரி வரவில்லை. ஏன்?
– வாசகி, முக்கூடல்

தங்கச்சி, உங்கள் பாட்டில் குறையில்லை. இருந்த இடத்தின் அமைப்பு வேறு.

ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அப்போது யாரைத் தெரியுமோ அவர்களுக்குத்தான் முதலில் காட்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு காலேஜ் நண்பர்கள், ஆபீஸ் நண்பர்கள் என்று நூற்றுக்கணக்கில் ஆள் இருப்பார்கள். உங்களுக்குத் தெருவில் இருக்கிற நாலு வீடு. டிக்டாக் நண்பர் பட்டியலையே பார்க்கவில்லை. முன்பின் தெரியாத சிலருக்குக் காட்டிப் பார்க்கும், அவர்கள் கடைசி வரை பார்த்தால் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டும். பெரிய கம்பெனிகள் அத்தனை வருடம் பூட்டி வைத்துக் காத்த பட்டியல் அங்கே தேவைப்படவே இல்லை. ஜக்கர்பெர்க் உண்மையில் பயந்தது இந்த ஒரு போட்டியாளருக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் நம் பக்கத்துச் சின்ன ஊர்களிலிருந்து எத்தனை முகம், எத்தனை குரல் வெளியே தெரிந்தது! அதற்கு முன் அப்படி ஒரு வாசல் அவர்களுக்குத் திறந்ததே இல்லை.

2020 ஜூன் 29ல் மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. இந்தியாவில் டிக்டாக்குக்கு அப்போது 20 கோடிப் பேர் என்று சொன்னார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 8ல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது. 2019லேயே பிரேசிலில் சோதித்துக் கையில் தயாராக வைத்திருந்தார்கள். செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ், அதையும் முதலில் இந்தியாவில்தான் இறக்கினார்கள். மோஜ், ஜோஷ், சிங்காரி, டகாடக் என்று நம் நாட்டுச் செயலிகளும் வந்தன. ஆள் சேர்ந்தார்கள். ஆனால் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் விளம்பரம் கொடுப்பவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள், இவர்கள் ஒவ்வொருவரையாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2022ல் டகாடக் மோஜோடு சேர்ந்துவிட்டது.

ரீல்ஸும் ஷார்ட்ஸும் இப்போது தெரியாதவர்களுக்கும் காட்டுகின்றன, அதனால் முயற்சியை விடாதீர்கள். செயலிக்குள்ளேயே படம் பிடிக்காமல், போன் கேமராவில் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் போடுங்கள். வேறு செயலியின் முத்திரை விழுந்த வீடியோவை இன்ஸ்டாகிராம் அதிகம் காட்டாது, 2021லேயே சொல்லிவிட்டார்கள். மூல வீடியோக்களை ஒரு மெமரி கார்டில் தனியாகச் சேர்த்து வையுங்கள். நாளைக்கு எந்தச் செயலி போனாலும் பாட்டு உங்களிடம் இருக்கும்.

கூ என்று நம் நாட்டு ட்விட்டர் ஒன்று இருந்ததே?
– ஆசிரியர், சேரன்மகாதேவி

2020ல் வந்தது, 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். வேறு கம்பெனிகளோடு சேரப் பேசிய பேச்சும் கைகூடவில்லை. பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 2023 ஜூலையில் மெட்டா, ட்விட்டருக்குப் போட்டியாக த்ரெட்ஸை இறக்கியது. இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் அப்படியே உள்ளே வரலாம், அங்கே பின்தொடர்கிறவர்களையே இங்கேயும் பின்தொடரலாம். ஐந்தே நாளில் 10 கோடிப் பேர். கூ ஒவ்வொரு ஆளையும் புதிதாகக் கூப்பிட வேண்டியிருந்தது.

திசையன்விளையில் நானும், சென்னையில் மகனுமாக மளிகைக் கடை வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பிலேயே ஜியோமார்ட் சாமான் விற்கிறது. நம் அண்ணாச்சிக் கடைகளுக்கு இனி வாழ்வு உண்டா?
– மளிகைக் கடைக்காரர், திசையன்விளை

உண்டு, ஆனால் சும்மா இருந்தால் இல்லை.

ஃபேஸ்புக்கிடம் ஆள் இருக்கிறது, சரக்கு இல்லை. ஜியோமார்ட்டை நடத்துகிற ரிலையன்ஸிடம் சரக்கும் நெட்வொர்க்கும் இருக்கிறது. 2016ல் ஃப்ரீ பேசிக்ஸ் என்று தான் தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் இலவசமாகத் தரப் பார்த்தது ஃபேஸ்புக், டிராய் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ரொம்ப நல்ல முடிவு அது. பிறகு 2020 ஏப்ரலில் ரிலையன்ஸின் ஜியோ ப்ளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதப் பங்கை 43,574 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப்புக்குள் ஜியோமார்ட் வந்தது. கதவு அடைபட்டதும் வீட்டுக்காரரோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் உங்கள் மகனுக்குச் சென்னையில் உடனடித் தொல்லை வாட்ஸ்அப் கடையால் வராது. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து போடுகிற டெலிவரிச் செயலிகளால் வரும். தெருவில் இருக்கிற வீடுகளின் எண்களை வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்றச் சொல்லுங்கள், அந்தச் செயலிக்குக் காசில்லை. சரக்குப் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் அதிலேயே போடலாம். "அக்கா, புது நல்லெண்ணெய் வந்திருக்கு" என்று காலையில் ஒரு செய்தி, பத்து நிமிடத்தில் பையன் கையில் சாமான், பற்று நோட்டில் ஒரு வரி. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இருபதாம் தேதிக்கு மேல் என்ன நிலைமை என்று உங்கள் மகனுக்குத் தெரியும், அந்தச் செயலிக்குத் தெரியாது.

செடி புட்டா சேலைகளை ஒரு சமூக வலைதளப் பக்கத்தில் விற்றுவந்தேன். திடீரென்று பக்கம் முடங்கிவிட்டது. என்ன தப்பு என்று சொல்ல ஆளே இல்லை. பின்தொடர்ந்தவர்கள் யார், எங்கே என்றுகூடத் தெரியவில்லை. புதுப் பக்கம் தொடங்கவா, விட்டுவிடவா?
– வாசகி, வீரவநல்லூர்

தொடங்குங்கள் அம்மா. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, அதை விட்டுவிட்டுத் தறிக்காரர்களுக்கு எப்படிக் கூலி கொடுப்பீர்கள்? ஆனால் இந்த முறை வந்தவர்களை அங்கேயே நிறுத்திவைக்காதீர்கள்.

நீங்கள் கேட்டது வலிக்கிற கேள்வி. பின்தொடர்கிற ஆயிரம் பேரும் நம் வாடிக்கையாளர்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் யார் என்ற கணக்கு நம் கையில் இல்லை. உங்கள் தகவல்களை இறக்கிக்கொள்ளும் வசதி எல்லாப் பெரிய தளங்களிலும் உண்டு. அதில் நீங்கள் போட்ட படங்கள் வரும், சிலவற்றில் பின்தொடர்பவர்களின் பெயர்ப் பட்டியலும் வரும், போன் எண் வராது. பதினைந்து வருடத்துக்கு முன் கூகுளும் ஃபேஸ்புக்கும் எதற்குச் சண்டை போட்டார்களோ அதே பட்டியல்தான் உங்களுக்கும் வேண்டும், அதை அவர்கள் தர மாட்டார்கள்.

அதனால் நீங்களே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சேலைப் படத்துக்கும் கீழே, விலை கேட்க வாட்ஸ்அப்பில் வாருங்கள் என்று எண்ணைக் கொடுங்கள். விளம்பரத்துக்குக் கொஞ்சம் காசு போட முடிந்தால், அழுத்தியதும் நேரே வாட்ஸ்அப் உரையாடல் திறக்கிற வகை விளம்பரம் இருக்கிறது, அதை எடுங்கள். செய்தி வந்த நிமிடமே எண் உங்களிடம் வந்துவிட்டது. புதுச் சேலை வரும்போது அனுப்பலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். நிறையப் பேர் இது தெரியாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பும் அதே கம்பெனிதானே என்று கேட்டால், ஆமாம். அதனால் எண்களை அதற்குள் மட்டும் வைக்காமல் ஒரு நீள நோட்டில் எழுதிவிடுங்கள்: பெயர், ஊர், எண், எந்தச் சேலை எடுத்தார், என்ன நிறம் கேட்டு இல்லாமல் போனது. அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தீபாவளிச் சரக்குக்குப் பாவு ஓட்டுமுன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.